எண்ணிக்கொண்டே உழுத சிறுவன்
(ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்கான தொழில் வழிகாட்டல் பற்றிய ஒரு கட்டுரை)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

“படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய்?” என்ற கேள்வியைச் செவியுறாத மாணவர் நம்முள் எவரும் இரார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இக்கேள்வி மற்றவர்களைக் காட்டிலும் எனக்குச் சற்று அதிகமாகவே வந்து சேரும். உறவினர் கேட்பர், பேருந்தில் அருகே அமர்ந்தவர் கேட்பார், அப்பாவின் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருபவரும் கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஆனால், எங்கள் வீட்டில் இக்கேள்வியை எவரும் கேளாத ஒருவர் இருக்கிறார். அவர் என் அண்ணன். அவருக்கு வயது 26. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் மிக நல்ல மதிப்பெண் பெற்றவர்; ஆயினும் மொழிப்பாடங்களில் தேறவில்லை. பள்ளியில் அவரை “ஒரு மாதிரி” என்றார்கள். தெருவில் வேறு பெயர்கள் சொன்னார்கள். அவருக்கு இருப்பது ஆட்டிசம் என்று அரசு மருத்துவமனையில் சொல்லப்பட்டபோது அவருக்கு வயது 22. அதுவரை அவரைத் திட்டினோம். அதற்குப் பின் அவரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம். இரண்டும் ஒன்றே என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

இத்தகையோர் ஒரு தொழிலில் அமர்வதற்கு எவ்வகை வழிகாட்டல் தேவை என்பது குறித்து நான் படித்தவற்றையும், என் அறியாமையால் செய்த ஒரு பிழையையும் இக்கட்டுரையில் எழுத விழைகின்றேன்.

ஆட்டிசம் என்பது யாது?

‘தான்’ என்னும் பொருளுடைய ‘ஆட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றும் வழங்குவர். மதி இறுகிப்போனவர் என்ற தவறான எண்ணத்தை இச்சொல் தந்துவிடக்கூடும் ஆதலின், நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இது ஒட்டிக்கொள்ளும் நோயன்று. வளர்ப்புக் குறையால் வருவதும் அன்று. மூளையின் வளர்ச்சி வேறொரு வகையில் அமைவதால் தோன்றும் நிலை. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு இதன் இயல்புகளை இரு கூறாகப் பிரிக்கிறது. ஒன்று, பிறரோடு பழகுவதிலும் கருத்துப் பரிமாறுவதிலும் உள்ள வேறுபாடு. மற்றொன்று, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்தல், குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடு, மாற்றத்தைத் தாங்க இயலாமை, ஒலி ஒளி மணம் முதலியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி 2021-ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். அவ்வாறாயின் நம் கல்லூரியிலேயே சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கே கூட அது தெரியாமல் இருக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஆட்டிசம் உடையோர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். பட்டம் பெற்றுப் பேராசிரியரானவரும் உண்டு. பேச்சே இன்றி, வாழ்நாள் முழுவதும் துணை வேண்டுவோரும் உண்டு. திரைப்படங்களில் காட்டுவது போல எல்லாரும் மேதைகளும் அல்லர். ஆனால் குழந்தைகளாக இருக்கும்போது இவர்களைப் பற்றிப் பேசும் உலகம், இவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின் மறந்துவிடுகிறது. ஆட்டிசம் உடைய குழந்தை 20 வயதில் என்ன ஆகும்? 40 வயதில் எங்கே இருக்கும்? இதுவே நம் கேள்வி.

டொனால்டும் சோளக் கொல்லையும்

இக்கேள்விக்கான முதல் விடை, ஆட்டிசத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்தவர் லியோ கானர். அவர் 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இன்று ஆட்டிசம் என நாம் அறியும் நிலையை மருத்துவ உலகிற்கு விரிவாக எடுத்துக்காட்டியது. அக்கட்டுரையின் முதல் குழந்தை டொனால்டு. மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். மூன்று வயதில் அவரை ஒரு விடுதி நிலையத்தில் சேர்த்தார்கள். ஏறத்தாழ ஓராண்டில் பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பின்னர் 1942-இல், ஒன்பது வயதில், வீட்டிலிருந்து சுமார் 10 மைல் தொலைவிலிருந்த ஓர் உழவர் தம்பதியிடம் வளர விட்டார்கள்.

டொனால்டுக்கு எண்ணுவதில் தணியாத வேட்கை. சோளக் கொல்லைக்குப் போனால் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருப்பார். எதைக் கண்டாலும் அளக்கவேண்டும் என்பார். வேறு எவராயினும் என்ன செய்திருப்பர்? “எண்ணுவதை நிறுத்து” என்று அதட்டியிருப்பர். எங்கள் வீட்டில் அவ்வாறுதான் செய்தோம்.

அந்த உழவர் தம்பதியோ அதட்டவில்லை. “எண்ணிக்கொள், ஆனால் உழுதுகொண்டே எண்ணு” என்னும் வகையில் குதிரையையும் ஏரையும் கையில் கொடுத்தார்கள். அளக்கும் ஆசைக்கு, கிணறு தோண்டும் வேலையைக் கொடுத்து அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார்கள். 1945-இல் கானர் அங்கே நேரில் சென்றபோது, சிறுவன் ஆறு நீண்ட சால்களை உழுததையும் குதிரையைத் திருப்பிய நேர்த்தியையும் கண்டு வியந்து பதிவு செய்திருக்கிறார்.

டொனால்டு பின்னர் பள்ளியில் படித்தார். கல்லூரியில் சேர்ந்து 1958-இல் பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்றார். தம் ஊர் வங்கியில் பணியாற்றினார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் சென்றார். 2023 ஜூன் மாதத்தில் 89-ஆம் வயதில் காலமானார்.

மற்றவர் நிலை என்ன? 1971-இல் கானர் அந்தப் 11 பேரையும் தேடித் தொடர் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். வெற்றி பெற்றவர் என்று அவர் கருதியவர் இருவரே. ஒருவர் டொனால்டு. மற்றவரும் தொழிற்பயிற்சி பெற்று, ஓர் அரசு அலுவலகத்தில் நகலெடுக்கும் பொறியை இயக்கி, மேலதிகாரியின் முழுப் பாராட்டையும் பெற்றவர். அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்களோ, இருந்த திறனையும் இழந்து போயிருந்தனர். விடுதியில் சேர்ப்பது ஆயுள் தண்டனைக்கு ஒப்பாயிற்று என்பதே கானரின் மனவேதனை.

நிற்க. இவ்வரலாற்றைப் படித்து நான் மகிழ்ந்த அதே வேளையில் ஓர் உண்மை என்னைச் சுட்டது. டொனால்டு பணியாற்றிய வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தாருக்குத் தொடர்புடையது. தந்தை வழக்கறிஞர். எங்களுக்கோ வங்கியில்லை, மர நிழலில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. வங்கி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யார் வேலை கொடுப்பார்? இக்கேள்விக்கு விடையாகத்தான் தொழில் வழிகாட்டல் என்னும் துறை தோன்றிற்று எனலாம். டொனால்டை முதலில் நிமிர்த்தியது வங்கியன்று, ஏரைக் கொடுத்த அந்த உழவர் தம்பதியே என்பதையும் மறந்துவிடலாகாது.

நான் செய்த பிழை

என் பிழையை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, தீபாவளிக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் ஆள் எடுத்தார்கள். அண்ணனைச் சேர்த்துவிடலாம் என்று நானே முடிவு செய்தேன். ஒரு வாரம் வீட்டில் பயிற்சி அளித்தேன். “கண்ணைப் பார்த்துப் பேசு. சிரித்த முகமாக இரு. ‘வாங்க, என்ன வேணும்’ என்று கேள்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். பண்டிகைக் கால நெருக்கடியில் அவரை எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பது நாட்கள் சென்றன. ஒன்பதாம் நாள் மாலை, மேற்பார்வையாளர் அண்ணனிடம், “சும்மா நிக்காதே, எதையாவது மடிச்சு வை” என்றாராம். அண்ணன் அப்படியே செய்தார். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்த புடவைகளையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டார். கூச்சல் எழுந்தது. கூட்டம், பாட்டுச் சத்தம், கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அண்ணன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா சென்று சைக்கிளில் அழைத்து வந்தார். மூன்று நாட்கள் அண்ணன் பேசவில்லை.

நான்காம் நாள், “அவ்வளவு சொல்லிக் குடுத்தும் கெடுத்துட்டியே அண்ணா!” என்று நான் கத்தினேன். அதற்கு அவர் சொன்னார்: “நீ கண்ணைப் பாக்கச் சொன்னே. கண்ணைப் பாத்தா எனக்குக் காது கேக்கலை.”

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. அவருக்கு வேலை செய்யக் கற்றுக்கொடுத்ததாக நான் எண்ணியிருந்தேன். உண்மையில், அவர் அல்லாத வேறொருவராக நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நடிப்பதிலேயே அவர் வலிமை அனைத்தும் செலவாகிவிட்டது, வேலைக்கு மிஞ்சவில்லை. எல்லாவற்றினும் மேலாக, “அந்தக் கடையில் வேலை செய்ய உனக்கு விருப்பமா?” என்று அவரை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பிழை யாரிடம்?

ஆட்டிசம் உடையோர்க்குப் பிறரைப் புரிந்துகொள்ளத் தெரியாது என்பது நெடுங்காலக் கருத்து. தாமே ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கில அறிஞர் 2012-இல் இதை மறுத்து எழுதினார். புரியாமை இரு தரப்பிலும் இருக்கிறது; அவர்களுக்கு நம்மைப் புரிவது கடினம் என்றால், நமக்கும் அவர்களைப் புரிவது அவ்வளவே கடினம் என்பது அவர் வாதம்.

இதற்குத் துணை செய்யும் ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. எடின்பரோ ஆய்வாளர்கள் 72 பெரியவர்களை எட்டெட்டுப் பேராக ஒன்பது வரிசைகளில் அமைத்தனர். முதல் ஆளுக்கு ஒரு கதையைச் சொல்லி, அவர் இரண்டாமவருக்கும், இரண்டாமவர் மூன்றாமவருக்குமாகச் சொல்லவேண்டும். நாம் சிறுவயதில் ஒருவர் காதில் ஒருவர் சொல்லி விளையாடுவோமே, அதுபோன்றதுதான். மூன்று வரிசைகளில் ஆட்டிசம் உடையோர் மட்டும். மூன்றில் ஆட்டிசம் இல்லாதோர் மட்டும். மூன்றில் இருவரும் கலந்து. முடிவு என்ன? ஆட்டிசம் உடையோர் மட்டுமே இருந்த வரிசையில் கதை, மற்றவர் வரிசையில் போன அளவுக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தது. கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது!

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதை இவ்வாறு கூறுவேன்: பழுது ஒலிபரப்பியிலும் இல்லை, ஏற்பியிலும் இல்லை, இரண்டும் வேறு வேறு அலைவரிசையில் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒன்றை மட்டும் திருகிக்கொண்டிருப்பது எவ்வகையில் நியாயம்?

வேலைப் பயிற்றுநரின் பணி

முற்காலத்தில், ‘முதலில் பயிற்சி, பிறகு வேலை’ என்பதே முறையாக இருந்தது. தனிக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி தருவர். “இன்னும் தயாராகவில்லை” என்று சொல்லிக்கொண்டே இருப்பர். வேலை மட்டும் வராது. அமெரிக்காவில் 1980-களில் இதைத் தலைகீழாக மாற்றினர். ‘முதலில் உண்மையான வேலையிடம், பயிற்சி அங்கேயே’ என்பது புதிய முறை. 1986-இல் அந்நாட்டு மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்தில் இதற்கு இடமும் கிடைத்தது. இம்முறையில் வேலையிடத்திற்கே உடன் செல்பவரை வேலைப் பயிற்றுநர் என்கிறார்கள்.

அவர் பணி நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, ஆளை அறிதல்: எது பிடிக்கும், எது தாங்காது, எதில் மணிக்கணக்கில் அலுக்காமல் ஈடுபடுவார் என்பதை அவரிடமே கேட்டும், உடனிருந்து பார்த்தும் அறிதல். இரண்டாவது, இடத்தை அறிதல்: அங்கே ஒலி எவ்வளவு, கட்டளையிடுவோர் எத்தனை பேர், திடீர் மாற்றங்கள் எவை எனக் கண்டறிதல். மூன்றாவது, வேலையைப் பகுத்தல்: ‘கடையைப் பார்த்துக்கொள்’ என்னும் ஒரு வேலையை, ஐயத்திற்கு இடமற்ற பல சிறு செயல்களாகப் பிரித்து எழுதிக் காட்டுதல். நான்காவது, விலகுதல்: கட்டடம் எழுந்தபின் கொத்தனார் சாரத்தைப் பிரிப்பது போல, பயிற்றுநர் சிறிது சிறிதாகத் தம்மை விலக்கிக்கொள்ளுதல்.

ஒரு வேலையை யாரிடம் ஒப்படைப்பது என ஆராய்வதற்கே ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தவர் நம் திருவள்ளுவர். இந்நான்கு படிகளைப் படித்தபோது எனக்கு அவ்வதிகாரமே நினைவுக்கு வந்தது.

இம்முறை பயன் தருமா? 1996-இல் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ‘புராஜெக்ட் சர்ச்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. குறைபாடுடைய இளைஞர்கள் மருத்துவமனைக்குள்ளேயே பல பிரிவுகளில் மாறி மாறி வேலை பழகுவர். வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்துப் பால் வேமன் குழுவினர் இதில் ஆட்டிசம் உடையோர்க்கான தனித் துணைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். பள்ளியின் இறுதிக் கட்டத்தில் இருந்த 40 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இப்பயிற்சி பெற்ற 24 பேரில் 21 பேருக்கு ஊதியத்துடன் வேலை கிடைத்தது. வழக்கமான முறையில் விடப்பட்ட 16 பேரில் ஒருவருக்கே கிடைத்தது. எண்ணிக்கை சிறிதாயினும் வேறுபாடு பெரிது. நாளாக நாளாக அவர்களுக்குத் தேவைப்பட்ட உதவியும் குறைந்துகொண்டே வந்தது.

நேர்முகத் தேர்வு என்னும் மதில்

இவர்களுள் பலர் இடறுவது வேலையில் அன்று; நேர்முகத் தேர்வில். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால், எதிலிருந்து தொடங்கி எங்கே முடிப்பது? என் அண்ணனிடம் ஜவுளிக்கடையில் அவ்வாறு கேட்டபோது, பிறந்த தேதி, உயரம், எடை, இரத்தப் பிரிவு என வரிசையாகச் சொன்னாராம். அது பொய்யா? இல்லையே! கேட்டதற்குச் சொன்னார்.

டென்மார்க் நாட்டில் தோர்கில் சோன என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்தபின், 2004-இல் ‘ஸ்பெஷலிஸ்டர்ன’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அச்சொல்லுக்கு ‘வல்லுநர்கள்’ என்பது பொருள். அங்கே வந்தவர்களை முதலில் கேள்விகளால் துளைக்கவில்லை. லெகோ பாகங்களால் இயந்திர மனிதன் செய்யக் கொடுத்து, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அங்குத் தேறியவர்கள் மென்பொருள் சோதனை போன்ற நுட்பமான பணிகளில் அமர்ந்தனர்.

அமெரிக்காவில் கால்நடைக் கூடங்களை வடிவமைத்துப் புகழ்பெற்ற பேராசிரியை டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உடையவர், 1947-இல் பிறந்தவர். வேலை தேடுவோர்க்கு அவர் கூறும் அறிவுரை ஒன்றே: உன்னை விற்காதே, உன் வேலையைக் காட்டு. அவர் தம் வரைபடங்களையே எடுத்துக்காட்டி ஒப்பந்தங்களைப் பெற்றார்.

இரும்புக்கடையில் ஒரு சோதனை

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நான் சந்தித்த ஒரு சிறப்பு ஆசிரியை, “உங்க அண்ணன் நாள் முழுக்க என்ன செய்யறாருன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க தம்பி” என்றார். எழுதினேன். கடையில் சைக்கிள் பேரிங் குண்டுகளைக் கொட்டி, மூடிகளில் பிரித்து வைப்பதுதான் அவர் வழக்கம். அப்பா அதை “வெட்டி வேலை” என்று திட்டுவார். ஒரு நாள் அவர் பிரித்து வைத்தவற்றை நான் திருகு அளவியால் அளந்து பார்த்தேன். 5/32 அங்குலம், 3/16 அங்குலம், கால் அங்குலம் என மூன்றும் பிசகாமல் பிரிந்திருந்தன. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.8 மில்லிமீட்டர்தான். அவரோ எந்த அளவியையும் கையில் எடுத்ததில்லை.

கடந்த மே மாத விடுமுறையில், அப்பாவின் பழைய வாடிக்கையாளரான ஓர் இரும்புக்கடைக்காரரிடம் சென்றேன். இம்முறை அண்ணனிடம் முதலில் கேட்டேன். “போல்ட் இருக்குமா?” என்றார். “இருக்கும்” என்றேன். “வரேன்” என்றார்.

கடைக்காரரிடம், “ஐயா, பேட்டி வேண்டாம். கலந்து கிடக்கும் ஒரு மூட்டையைக் கொடுங்கள்” என்றேன். 8 மில்லிமீட்டர் போல்ட்டும் 5/16 அங்குல போல்ட்டும் பார்வைக்கு ஒன்றே. பின்னதன் விட்டம் 7.94 மில்லிமீட்டர். ஆனால் புரியிடைத் தூரம் வேறு: முன்னதில் 1.25, பின்னதில் 1.41 மில்லிமீட்டர். மாறி மாட்டினால் நட்டு ஓரிரு சுற்றில் இறுகிக்கொள்ளும். கடையில் இதனால் நாள்தோறும் சச்சரவு. அண்ணன் அவற்றைக் கண்ணாலேயே பிரித்து வைத்தார். கடைக்காரர் நட்டுகளை மாட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

அங்கே செய்த மாற்றங்கள் எளியவை. லாரி நிற்கும் வாசலை விட்டு, உட்புற அறையில் இடம். ஓர் அட்டையில் ஏழு வரிகளில் அன்றாட வேலை. கட்டளையிட ஒருவரே: கணக்குப்பிள்ளை. ‘எதையாவது’, ‘கொஞ்சம்’, ‘அப்புறம்’ ஆகிய மூன்று சொற்களை அண்ணனிடம் சொல்லவேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார், ஆயினும் கடைப்பிடித்தார்.

முதல் இரண்டு வாரம் நான் உடன் அமர்ந்தேன்; பின் ஒரு மணி நேரம்; பின் வாரம் ஒரு நாள். எல்லாம் நேராகப் போய்விடவில்லை. ஒரு நாள் சரக்கு வரத் தாமதமாக, என்ன செய்வதென அட்டையில் இல்லாததால், அண்ணன் நான்கு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். வேலை போயிற்று என்றே அப்பா முடிவு கட்டினார். நான் எட்டாவது வரி எழுதினேன்: “சரக்கு வரவில்லை என்றால், பழைய பெட்டிகளைச் சரிபார்.” அந்த வரி இன்றும் இருக்கிறது. ஒன்பதாவது வரியை அண்ணனே எழுதிக்கொண்டார்: “சத்தம் அதிகமானால் பின்கட்டுக்குப் போய் 10 நிமிடம்.”

எட்டு மாதங்கள் ஆகின்றன. காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை வேலை. நாளொன்றுக்கு 300 ரூபாய். இது பெரிய தொகையன்று. அரை நாளை முழு நாளாக்குவதா என்பதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் “வேண்டாம்” என்கிறார். அவர் சொல்லை இம்முறை கேட்கிறோம். ஒரே வேலையில் கட்டிப்போட்டுவிடுவதும் வழிகாட்டல் ஆகாது என்பதால், ஆண்டுக்கொருமுறை அவரிடம் மீண்டும் கேட்கவேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டின் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. இதன்படி அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உடையோர் பகிர்ந்துகொள்கின்றனர். 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாட்டுச் சான்று தேவை. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் அத்தகையோர்க்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களும் உண்டு. அரசு அலுவலகங்களில் இவர்களுக்கு ஏற்ற சிறு மாற்றங்களைச் செய்து தருவதும் கடமை. அண்ணனுக்கு நான் கேட்ட உள்ளறையும் அட்டையும் அத்தகைய மாற்றங்களே. ஆயினும் அவர் வேலை செய்வது தனியார் கடையில்; அங்கே கடைக்காரரின் நல்ல மனத்தை நம்பியே இருக்கிறோம். இடம் ஒதுக்குவது சட்டத்தால் ஆகும். அவ்விடத்தில் நிலைக்கச் செய்ய ஒருவர் உடன் நிற்கவேண்டும். நம்மிடையே அரிதாக இருப்பது அத்தகைய பயிற்றுநர்களே.

முடிவுரை

அன்பார்ந்த நண்பர்களே! நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம், அலுவலராவோம், சிலர் கடை வைத்து நான்கு பேருக்கு வேலையும் கொடுப்போம். அன்று நம் முன்னே, கண்ணைப் பாராமல் பேசும் ஒருவர் வந்து நிற்கலாம். அவரை, “இவர் எதற்கும் ஆகார்” என்று அனுப்பிவிடுமுன், ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொடுத்துப் பாருங்கள். சொல்லவேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுங்கள். நம் வகுப்பறையிலேயே இதைத் தொடங்கலாம். வாய்மொழித் தேர்வில் திணறும் மாணவருக்கு, வினாவை எழுதிக் காட்ட ஒரு தாள் போதும் என்பதை ஆசிரியப் பெருமக்கள் முன் பணிவுடன் வைக்கிறேன்.

ஃபாரஸ்ட் ஊர் உழவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இக்கலையைப் பயின்றவர் அல்லர். எண்ணும் சிறுவனைப் பார்த்தார். உழவேண்டிய நிலத்தையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்து வைத்தார்.

சென்ற வாரம் ஓர் உறவினர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் என்னிடம், “படிச்சு முடிச்சு என்னப்பா செய்யப் போறே?” என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “நீ என்ன செய்யறே?” என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தபடியே, “காலையில ஒன்பதுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் போல்ட் பிரிக்கிறேன். ஞாயித்துக்கிழமை லீவு” என்றார்.

உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்று, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.